உணவுத் தட்டில் ஒரு ரப்பர் கை

கைத்தடி நீளத்தில் ஒரு கம்பு. அதன் நுனியில், மனிதத் தோலின் நிறத்தில், ஐந்து விரல்களோடு ஒரு ரப்பர் கை. கம்பும் கையும் சேரும் இடம் தெரியாதபடி பழைய சட்டையின் கைப்பகுதியை மேலே மாட்டியிருப்பார்கள். நாய் தட்டில் வாய் வைத்துத் தின்னத் தொடங்கியதும், கம்பைப் பிடித்திருப்பவர் அந்தக் கையை மெதுவாகத் தட்டுக்குள் நீட்டுவார். தட்டைத் தன் பக்கம் இழுப்பார். நாயின் கன்னத்தைத் தொட்டுத் தள்ளுவார். நாய் விலகி நின்று வாலை ஆட்டினால் அதற்கு ஒரு வீடு கிடைக்க வழி உண்டு. உறுமினாலோ கையைக் கவ்வினாலோ, அமெரிக்காவின் பல காப்பகங்களில் அந்த நாயின் ஆயுள் அத்தோடு முடிந்தது.

நான் கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறேன். எங்கள் கவுன்ட்டி காப்பகத்தில் சனிக்கிழமைகளில் கூண்டு கழுவுவது, நாய்களை நடக்கக் கூட்டிப்போவது என்று கொடுத்த வேலையைச் செய்கிறேன். அந்த ரப்பர் கை இப்போது அங்கே சாமான் அறையின் மேல்தட்டில் கிடக்கிறது. அது எங்கிருந்து வந்தது, ஏன் மேல்தட்டுக்குப் போனது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். 2025-இல் இந்தியாவில் தெருநாய் வழக்குகள் போன போக்கைப் படித்த பிறகு, இனித் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், பிடிபட்ட நாய் சாதுவா முரடா என்று யாரும் கேட்கவில்லை. உரியவர் பணம் கட்டி மீட்டால் பிழைத்தது, இல்லாவிட்டால் செத்தது. நியூயார்க்கில் கோடை வந்தால் வெறிநோய்ப் பயமும் வந்துவிடும். ஈஸ்ட் நதிக்கரையில் ஓர் இரும்புக் கூண்டு வைத்திருந்தார்கள். ஐம்பது நாய்கள் வரை அதில் அடைத்து, பாரந்தூக்கியால் ஆற்றுக்குள் இறக்கி, சில நிமிடம் கழித்துத் தூக்குவார்கள். 1877 ஜூலை 5 அன்று ஒரே பகலில் 762 நாய்களை இப்படி மூழ்கடித்தார்கள் என்று மறுநாள் பத்திரிகையில் செய்தி வந்தது. அந்த 762-இல் எத்தனை நாய்கள் குழந்தையின் மடியில் தலை வைத்துப் படுத்துப் பழகியவையோ.

எதிர்த்துப் பேசியவர்கள் இருந்தார்கள். லண்டனில் மேரி டீல்பி என்ற பெண்மணி 1860-இல் ஹாலோவே பகுதியில், தொலைந்த, பட்டினி கிடக்கும் நாய்களுக்காக ஒரு தற்காலிக இல்லம் தொடங்கினார். மனிதர்களே பட்டினி கிடக்கும் ஊரில் நாய்க்கு இல்லமா என்று நாளேடுகள் கிண்டல் செய்தன. சார்லஸ் டிக்கன்ஸின் பத்திரிகை 1862-இல் அதை ஆதரித்து எழுதியது. 1871-இல் இடம் மாறிய அந்த இல்லம்தான் இன்றைக்கும் பேட்டர்ஸீ என்ற பெயரில் நடக்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியாவின் கரோலைன் ஏர்ல் ஒயிட் 1869-இல் மிருகவதைத் தடுப்புக்கான பெண்கள் கிளையைத் தொடங்கி, நகரத்தின் நாய்ப்பட்டியைத் தங்கள் பொறுப்பில் எடுத்து, அதைக் காப்பகமாக மாற்றினார். நியூயார்க்கில் 1866-இல் அமெரிக்க மிருகவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க், நாய் பிடிக்கும் வேலையைத் தன் சங்கம் ஏற்பதை விரும்பவில்லை. அவர் காலமாகி ஆறு ஆண்டு கழித்து, 1894-இல் சங்கம் அதை ஏற்றது. ஏற்று நூறு ஆண்டு செய்தது.

வதைக்காமல் எப்படி வைத்திருப்பது, வைத்திருக்க முடியாவிட்டால் வதைக்காமல் எப்படிக் கொல்வது என்பதுதான் இவர்களின் கவலை. நாயின் குணத்தை அளந்து பார்க்கும் வேலை வேறோர் இடத்தில் தொடங்கியது.

கலிபோர்னியாவின் சான் ரஃபேலில் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் நிறுவனம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரில் கண் இழந்து திரும்பிய வீரர்களுக்காக ஏற்பட்டது. அங்கே பழகத் தொடங்கிய நாய்களில் நூற்றுக்கு ஒன்பதுதான் தேறின என்று கிளாரன்ஸ் ஃபாஃபன்பெர்கர் எழுதியிருக்கிறார். 1946 வாக்கில் அவர் குட்டிகளுக்குச் சின்னச் சின்னச் சோதனைகள் வைக்க ஆரம்பித்தார். கூப்பிட்டால் வருகிறதா, பந்தை எறிந்தால் எடுத்து வருகிறதா, ஒரு சின்ன வண்டி தன்னை நோக்கி உருண்டு வந்தால் என்ன செய்கிறது. மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தின் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் அவருக்குத் துணை நின்றார்கள். மூன்று வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரையிலான பருவத்தில் மனிதரோடு பழகாத குட்டி, பிறகு மனிதரிடம் ஒட்டுவது கடினம் என்று நிறுவியவர்கள் அவர்கள்தான். நல்ல தாய் தந்தையாகப் பார்த்து இனப்பெருக்கம், குட்டிப் பருவச் சோதனை, வீடுகளில் வளர்ப்பு என்று எல்லாம் சேர்ந்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தேறியவை நூற்றுக்குத் தொண்ணூறு ஆனதாக அவர் 1963-இல் வெளியிட்ட நூலில் சொல்கிறார்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். அந்தச் சோதனையில் தோற்ற குட்டி வழிகாட்டி வேலைக்கு ஆகாது. அவ்வளவுதான். அது யார் வீட்டுக்காவது செல்லப்பிராணியாகப் போய்ச் சேரும். தோல்வி என்றால் வீடு. ஐம்பது ஆண்டு கழித்துக் காப்பகத்தில் அதே மாதிரிச் சோதனை வந்தபோது தோல்வி என்றால் ஊசி என்று ஆயிற்று.

அந்த மாற்றத்துக்கு நல்லெண்ணமே காரணம் என்பதுதான் எனக்கு மனதை உறுத்துகிறது. 1980-கள் வரை பெரும்பாலான காப்பகங்களில் இடம் இல்லை என்றால் கொல்வார்கள். வயதானதா, கறுப்பா, பெரியதா, பிட்புல் மாதிரி முகமா, வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று பார்ப்பார்கள். கருத்தடை பரவி, காப்பகத்துக்கு வரும் நாய்கள் குறையக் குறைய, கொல்லாமல் முடியாதா என்று மக்கள் கேட்கத் தொடங்கினார்கள். 1994-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் மிருகவதைத் தடுப்புச் சங்கம், ரிச்சர்ட் அவன்சினோ தலைமையில், நகர நிர்வாகத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. தத்துக்குத் தகுந்த எந்த நாயும் பூனையும் இனி அந்த நகரத்தில் கொல்லப்படாது. நாடு முழுதும் அதைத் திரும்பிப் பார்த்தது. 2004-இல் கலிபோர்னியாவின் அசிலோமார் என்ற இடத்தில் பல அமைப்புகள் கூடி, காப்பகத்துக்கு வரும் உயிர்களை நலமானவை, சரிசெய்யக் கூடியவை, பராமரித்து வைத்திருக்கக் கூடியவை, எதுவும் செய்ய இயலாதவை என்று பிரிக்கும் பொதுக் கணக்குமுறையை வகுத்தன.

தகுந்தவற்றைக் கொல்ல மாட்டோம் என்று உறுதி கொடுத்த பிறகு, எது தகுந்தது என்று யாராவது சொல்லியாக வேண்டும். அங்கேதான் ரப்பர் கை நுழைந்தது.

நியூயார்க் மாநிலத்தின் அக்கார்ட் என்ற சிற்றூரில் காப்பகம் நடத்திய சூ ஸ்டெர்ன்பெர்க், 1990-களில் உருவாக்கிய சோதனைமுறைக்கு அசெஸ்-எ-பெட் என்று பெயர். அவர் நாய்ப் பயிற்சியாளர். காப்பகத்திலிருந்து போன நாய் ஒரு குழந்தையைக் கடித்தால், அடுத்த நூறு நாய்களுக்கு வீடு கிடைக்காது என்று அஞ்சியவர். அவர் முறையில், அறைக்குள் வந்த நாயை முதலில் கண்டுகொள்ளாமல் நிற்பார்கள். தானாக வந்து ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். முதுகைத் தடவுவார்கள். உதட்டைத் தூக்கிப் பற்களைப் பார்ப்பார்கள், ஒரு முறை இரு முறை அல்ல, பல முறை. பிறகு தட்டும் ரப்பர் கையும். பிறகு நடக்கும் குழந்தை உயரத்தில் ஒரு பொம்மை. கடைசியில் வேறொரு நாய். ஊர் ஊராகப் போய் அவர் இதைக் கற்றுக்கொடுத்தார். அதுவரை நிறத்தையும் முகத்தையும் பார்த்துத் தீர்ப்பு எழுதியவர்களுக்கு, நாயையே பாருங்கள் என்று சொன்ன முறை இது. அந்த நேர்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிறகு எமிலி வைஸ் உருவாக்கிய சேஃபர் என்ற ஏழு பகுதிச் சோதனையை அமெரிக்க மிருகவதைத் தடுப்புச் சங்கம் நாடு முழுதும் கொண்டுபோனது. கண்ணுக்குக் கண் பார்ப்பது, உடம்பைத் தடவிப் பிசைவது, தொட்டுவிட்டு ஓடி விளையாடுவது, பாதத்தை அழுத்துவது, உணவு, பொம்மை, வேற்று நாய். பாஸ்டன் விலங்கு மீட்பு அமைப்பில் ஏமி மார்டர் என்ற கால்நடை மருத்துவர் மேட்ச்-அப் என்று இன்னொன்றைச் செய்தார். ஐரோப்பாவில் நெதர்லாந்துக்காரர்கள் இன்னும் முன்பே, 1991-லேயே, காப்பக நாய்களுக்கு 21 சோதனைகள் கொண்ட ஒரு வரிசையை வைத்துப் பார்த்திருந்தார்கள்.

நான் காப்பகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு சோதனையை அருகிலிருந்து பார்த்தேன். சின்ன அறை. சிமெண்டுத் தரை, நடுவில் தண்ணீர் போக ஒரு சல்லடைத் துளை. பிளீச்சிங் வாடை. சுவரில் வளையம், அதில் நாயின் கயிறு. தவிட்டு நிறத்தில் கறுப்புக் கீற்றோடிய பெட்டை நாய், வந்து இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். விலா எலும்பு தெரிந்தது. தட்டை வைத்ததும் தலையைக் கவிழ்த்தது. ரப்பர் கை தரையோடு தரையாக நகர்ந்து வந்தது. நாய் மெல்லுவதை நிறுத்தியது. தலை இன்னும் தாழ்ந்து தட்டுக்குள்ளேயே போயிற்று. உடம்பு அசையவில்லை, வால் கூட அசையவில்லை. கண் மட்டும் பக்கவாட்டில் திரும்பி, வெள்ளை விழி பிறை போலத் தெரிந்தது. பிறகு ஒரே விழுங்காக விழுங்கத் தொடங்கியது. கை தட்டைத் தொட்டு இழுத்தபோது, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம். கை கன்னத்தைத் தள்ளியபோது அதைக் கவ்வி உதறியது. பல் பட்ட இடத்தில் ரப்பரில் நான்கு குழி. சோதனை செய்த அம்மாள் நல்லவர், நாய்களுக்காகத் தன் சொந்தக் காசில் போர்வை வாங்கி வருபவர். அவர் எழுத்தில் கைநடுக்கம் இருந்தது. தாளில் குறித்தார். அடுத்த சனிக்கிழமை அந்தக் கூண்டில் வேறொரு நாய் இருந்தது.

எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லையில் ஒரு நாய் இருந்தது. மதியச் சோறு மிச்சத்தை மோர் விட்டுப் பிசைந்து கல்தொட்டியில் போடுவார் பாட்டி. நாங்கள் பக்கத்தில் போனால் அடுப்படியிலிருந்தே குரல் வரும்: "தின்னுற நாய்கிட்டப் போகாதீங்கடி, அது பாட்டுக்குத் தின்னட்டும்." அந்த நாய் எங்களைப் பார்த்து உறுமியிருக்கிறது. அதனால் அதைப் பொல்லாத நாய் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. தின்னும்போது உறுமுவது நாயின் வழக்கம், விலகி நிற்பது மனிதரின் வழக்கம் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். பட்டினியோடு வந்து, சங்கிலியில் கட்டுண்டு, யார் என்றே தெரியாத கை தன் தட்டை இழுக்கும்போது ஒரு நாய் உறுமுவது, அதன் குணத்தைப் பற்றி என்ன சொல்கிறது? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. படிக்கத் தொடங்கினேன். பல ஆராய்ச்சியாளர்களும் இதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது.

முதல் அடி 2007-இல் விழுந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், சோதனையில் தேறித் தத்துப்போன 67 நாய்களின் வீடுகளுக்குப் பின்னர் பேசிப் பார்த்தார்கள். பாய்வது, உறுமுவது, கடிக்க வருவது, கடிப்பது என்று ஏதோ ஒன்றைச் செய்தவை நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். அதாவது, சாது என்று சோதனை சொன்ன நாயும் வீட்டில் உறுமியது.

அதே 2007-இல்தான் எதிர்ப்பக்கத்து நிரூபணமும் கிடைத்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்கின் வர்ஜீனியா பண்ணையில், ஏப்ரல் மாதம், சண்டைக்காக வளர்த்த ஐம்பதுக்கும் மேற்பட்ட பிட்புல் நாய்கள் பிடிபட்டன. தோற்ற நாய்களைத் தூக்கிலிட்டும் நீரில் மூழ்கடித்தும் கொன்ற இடம் அது. நாய்ச்சண்டை வழக்குகளில் பிடிபட்டவற்றை வழக்கு முடிந்ததும் கொன்றுவிடுவதுதான் அதுவரை நடைமுறை. பெரிய விலங்குநல அமைப்புகள் இரண்டு, இவற்றையும் கொல்வதே சரி என்று வெளிப்படையாகச் சொல்லின. நீதிமன்றம் அவசரப்படவில்லை. அந்தச் செப்டம்பரில் அமெரிக்க மிருகவதைத் தடுப்புச் சங்கத்தின் ஸ்டீபன் ஸவிஸ்டோவ்ஸ்கி தலைமையில் ஒரு குழு, 49 நாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. கலிபோர்னியாவில் பிட்புல் நாய்களை மீட்டு வளர்க்கும் டோனா ரெனால்ட்ஸ், டிம் ரேசர் தம்பதியும் குழுவில் இருந்தார்கள். மாதக்கணக்கில் கூண்டைவிட்டு வெளியே வராத நாய்கள் அவை. மனிதரைத் தாக்கும் என்று எதிர்பார்த்துப் போனவர்கள் கண்டது, தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு எழுந்திருக்கவே பயந்த நாய்களை.

கொல்லத்தான் வேண்டும் என்று குணத்தை வைத்துக் குழு சொன்னது ஒரே ஒரு நாயை. நோயால் இன்னொன்று போயிற்று. மற்ற 47-உம் பிழைத்தன. சட்டப் பேராசிரியை ரெபெக்கா ஹஸ்ஸை நீதிமன்றம் அவற்றுக்குப் பொறுப்பாளராக நியமித்தது. பராமரிப்புக்காக விக் 9,28,073 டாலர் கட்ட வேண்டியதாயிற்று. மிகவும் அடிபட்ட 22 நாய்கள் யூட்டா மாநிலத்தின் கானாப் ஊரில் உள்ள பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ் சரணாலயத்துக்குப் போயின. சில நாய்கள் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கவும், நூலகத்தில் குழந்தைகள் வாய்விட்டு வாசிக்கும்போது பக்கத்தில் படுத்திருக்கவும் பழகின. இதில் சோதனையின் பங்கு என்ன? அந்தக் குழு ரப்பர் கையையும் பொம்மையையும் வைத்திருந்தது. ஆனால் இந்த நாயைக் கொல்லலாமா என்று கேட்டுக்கொண்டு வரவில்லை. இதற்கு என்ன தேவை, எங்கே அனுப்பினால் தேறும் என்று கேட்டு வந்தது. அதே கருவி, வேறு கேள்வி. இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான்.

அதன் பிறகு ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. 2012-இல் அமெரிக்க மிருகவதைத் தடுப்புச் சங்கத்தைச் சேர்ந்தவர்களே, உணவுக்காக உறுமிய 96 நாய்களை, தட்டின் பக்கம் போகாதீர்கள், எப்போதும் கொஞ்சம் தீனி கிடைக்கும்படி வையுங்கள் என்று சொல்லி, தத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் மூன்று வாரத்தில் ஏதாவது ஒரு முறையாவது உறுமியதாகச் சொன்ன வீடுகள் ஆறு. அவற்றிலும் உணவுத் தட்டை ஒட்டி நடந்தது ஒன்றுதான். மறு ஆண்டு பாஸ்டனில் ஏமி மார்டரின் குழு, தன் சோதனையையே சோதித்தது. உணவுக்காக உறுமிய 20 நாய்களில் வீட்டில் உறுமியவை 11. உறுமாத 77-இல் வீட்டில் உறுமியவை 17. தான் செய்த கருவியின் குறையைத் தானே அளந்து வெளியிட மனம் வேண்டும். மார்டரிடம் அது இருந்தது. இந்தத் துறையில் நான் பெரிதும் மதிப்பவர் அவர்.

2016-இல் கேரி பேட்ரோனெக்கும் ஜானிஸ் பிராட்லியும் எழுதிய கட்டுரை, இந்தச் சோதனைகள் நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிட மேலில்லை என்று தலைப்பிலேயே சொன்னது. அவர்களின் வாதத்தைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் என்னுடையவை. நூறு நாய்களில் பத்து நிஜமாகவே ஆபத்தானவை என்று வைத்துக்கொள்வோம். சோதனை நூற்றுக்கு எண்பது சரியாகச் சொல்லும் என்றும் தாராளமாக ஒப்புக்கொள்வோம். ஆபத்தான பத்தில் எட்டைப் பிடிக்கும். சாதுவான தொண்ணூறில் எழுபத்திரண்டை விட்டுவிடும், பதினெட்டைத் தவறாகப் பிடிக்கும். ஆக, தோற்றவை இருபத்தாறு. அவற்றில் பதினெட்டு குற்றமற்றவை. உண்மையில் ஆபத்தான நாய் எவ்வளவு அரிதோ, அவ்வளவுக்குக் குற்றமற்றவை அதிகம் மாட்டும். சோதனை செய்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. போர்வை வாங்கி வந்த அந்த அம்மாளுக்காகவும் இதைச் சொல்கிறேன்.

கணக்கோடு இது நிற்பதில்லை. 1997-லேயே, ஓஹையோவின் டேட்டனில் மைக்கேல் ஹென்னெஸி என்பவர், காப்பகத்துக்கு வந்த நாய்களின் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற சுரப்பை அளந்திருந்தார். பயமும் பதற்றமும் ஏறினால் ஏறுவது அது. முதல் மூன்று நாளில் அதன் அளவு, வீட்டு நாய்களுக்கு இருப்பதுபோல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒரு வாரத்துக்கு மேல் ஆன நாய்களுக்குக் குறைந்திருந்தது. உரியவர் தேடி வருவாரா என்று சட்டப்படி காத்திருப்பது பல ஊர்களில் சில நாள்தான். அது முடிந்ததும் சோதனை. அதாவது நாய் தன் வாழ்நாளிலேயே அதிகம் பயந்திருக்கும் வாரத்தில், சுற்றிலும் இரவு பகலாக நாய்கள் குரைக்க, வாடையும் வழுக்கும் தரையுமான இடத்தில் அதைப் பரீட்சைக்கு நிறுத்தினோம். அது சொன்ன பதில் அந்த இடத்தைப் பற்றியது. நாம் அதை நாயின் பெயரில் எழுதிக்கொண்டோம்.

இப்போது நிலைமை மாறிவருகிறது. பல காப்பகங்கள் உணவுச் சோதனையைக் கைவிட்டுவிட்டன. தேர்ச்சி, தோல்வி என்ற இரண்டே கட்டத்தை எடுத்துவிட்டன. எங்கள் காப்பகத்தில் ஒவ்வொரு கூண்டின் வாசலிலும் ஒரு நோட்டு தொங்குகிறது. கூண்டு கழுவுபவர், நடக்கக் கூட்டிப்போனவர், ஊசி போட்ட மருத்துவர், யார் எதைப் பார்த்தாலும் எழுத வேண்டும். தொப்பி போட்ட ஆண்களைப் பார்த்தால் பின்வாங்குகிறது. கயிற்றை மாட்டும்போது கழுத்தைத் தொட விடவில்லை, தீனி கொடுத்தபின் விட்டது. குழந்தையோடு ஒரு குடும்பம் வந்தது, தானாகப் போய் முகர்ந்தது. பழைய வீட்டுக்காரர் கொண்டுவந்து விட்டுப்போன நாய் என்றால், அவரை உட்காரவைத்து அரைமணி நேரம் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். கடித்திருக்கிறதா, யாரை, எப்போது, கடிப்பதற்கு முன் என்ன நடந்தது. நிஜமாகவே மனிதரைக் குதறிய நாய்கள் உண்டு, அவற்றை அண்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது அக்கிரமம். அப்படிப்பட்ட நாயைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்தப் பழைய கதைதான். 2019-இல் லிசா கண்டர், கிளைவ் வின் ஆகியோர் ஐந்து காப்பகங்களில் செய்த ஆய்வில், ஓரிரு இரவு யார் வீட்டிலாவது தங்கிவிட்டு வந்த நாய்களுக்கு, அந்த இரவுகளில் கார்ட்டிசால் இறங்கி, ஓய்வு கூடியது தெரிந்தது. அப்படித் தங்கவைக்கும் வீடுகளிலிருந்து வரும் ஒரு பக்கக் குறிப்பு, ரப்பர் கை சொன்னதைவிட எங்களுக்கு அதிகம் சொல்கிறது. சோபாவில் ஏறுகிறதா, இடி இடித்தால் எங்கே ஒளிகிறது, பூனையைப் பார்த்து என்ன செய்தது என்று.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். சென்னையில் மாநகராட்சி நாய்களைக் கொல்வதை நிறுத்தி, கருத்தடை செய்து விடும் முறைக்கு 1996-இல் வந்தது. கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் 1960-களிலிருந்து கேட்டுவந்தது அதைத்தான். 2001-இல் அது நாடு முழுமைக்கும் விதியாயிற்று. பிடித்த தெருவிலேயே திரும்ப விடுவதால், குணத்தை அளக்கும் கேள்வி இந்தியாவில் பெரிதாக எழாமலே இருந்தது. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், பிடித்த நாய்களைத் திரும்ப விடலாம், ஆனால் வெறிநோய் உள்ளவற்றையும் ஆக்ரோஷமாக நடப்பவற்றையும் விடக் கூடாது என்றது. நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடாமல் காப்பகத்தில் வைக்கச் சொன்னது. கடிபட்ட குழந்தைகளின் தாய்மார் படும் வேதனையை யாரும் சிறிதாக எண்ண முடியாது. நீதிமன்றம் கவலைப்பட்டதில் நியாயம் உண்டு. ஆனால் இனி ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கூண்டின் முன்னால் நின்றுகொண்டு, இந்த நாய் ஆக்ரோஷமானதா என்று ஒருவர் எழுதியாக வேண்டும். வலைபோட்டுப் பிடித்து, வண்டியில் பத்து நாய்களோடு திணித்து, கருத்தடை முடிந்து தையல் காயாத நாயைப் பார்த்து அவர் எழுதுவார்.

அமெரிக்கக் காப்பகங்களிடம் இல்லாத ஒன்று நம் தெருக்களில் இருக்கிறது. அங்கே பிடிபடும் நாயின் கதை பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அதனால்தான் ரப்பர் கையே தேவைப்பட்டது. நம் தெருநாயின் கதை தெருவுக்கே தெரியும். டீக்கடைக்காரருக்குத் தெரியும், இரவுக் காவலாளிக்குத் தெரியும், பூ விற்கும் அம்மாவுக்கும் பள்ளி ஆயாவுக்கும் தெரியும். எந்த நாய் பைக்கைத் துரத்தும், எது குட்டி போட்டிருக்கும்போது மட்டும் சீறும், எது உண்மையிலேயே போன மாதம் ஒரு பையனின் காலைப் பிடித்தது என்று அவர்கள் சொல்வார்கள். நாய் வண்டி வரும்போது, பிடிப்பவரோடு ஒரு நோட்டும் பேனாவும் உள்ள இன்னொருவரும் இறங்கட்டும். பிடித்த இடம், நேரம், பக்கத்தில் குட்டி இருந்ததா, தெருவில் மூன்று பேர் இந்த நாயைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எழுதி, அந்தத் தாளை நாயின் கழுத்து எண்ணோடு சேர்த்து அனுப்பட்டும். கால்நடை மருத்துவர் கூண்டின் முன்னால் நிற்கும்போது அந்தத் தாள் அவர் கையில் இருக்க வேண்டும்.